பராக்கிரமன் பணிந்தது யாரை?

(தென்காசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



"முன்னாள் நாட்டுத் தலைவர்களிடம் நாம் கற்க வேண்டிய தலைமைப் பண்புகள்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இதற்காக வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் போக வேண்டியதில்லை என்று அழைப்பு வந்த அன்றே எனக்குத் தோன்றிவிட்டது. இந்த அரங்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நாட்டுத் தலைவன் கல்லில் பேசிக்கொண்டிருக்கிறான். ஐந்தரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசுகிறான். அவனிடமிருந்து தொடங்கி, எனக்குத் தெரிந்த சிலர் வழியாக நடந்து, மறுபடி அவனிடமே வந்து நிற்கலாம் என்று இருக்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது காசி விசுவநாதர் கோயிலுக்கு இன்றுள்ள கோபுரம் கிடையாது. ஊர்க்காரர்கள் மொட்டைக் கோபுரம் என்போம். இடி விழுந்தது என்பார்கள், தீப்பிடித்தது என்பார்கள். பிளந்த அடித்தளம் மட்டும் நிற்கும். ஆனியில் சாரல் விழுகிற ஒருநாள் என் தாத்தா என்னை அங்கே கூட்டிப்போய், இந்தக் கோயிலைக் கட்டிய ராஜா யாரையோ கும்பிட்டுப் பாட்டு எழுதி வைத்திருக்கிறான் என்று சொன்னார். "சாமியையா தாத்தா?" என்றேன். "சாமியக் கும்பிடத்தான் கோயிலே இருக்கே. அவன் கும்பிட்டது ஒரு ஆளை. அந்த ஆளு இனிமத்தாம்ல பொறக்கணும்" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை. என் வாழ்நாள் படிப்பில் பாதி அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளத்தான் செலவாயிற்று.

எனவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். தனக்குப் பின்னால் வரப்போகிறவரை ஒருவர் என்னவாக நினைத்தார் என்று பாருங்கள். அவர் எப்பேர்ப்பட்ட தலைவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

1. குற்றம் வரும் என்று ஒப்புக்கொண்ட அரசன்

சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் 1422 முதல் 1463 வரை ஆண்டவன். மதுரை கைவிட்டுப் போய்ப் பாண்டியர் தெற்கே ஒதுங்கியிருந்த காலம். விசயநகரப் பேரரசின் நிழல் எங்கும் விழுந்திருந்தது. உலகம் முழுவதையும் ஆள்வதாக மெய்க்கீர்த்தி பாடிய முன்னோர்களின் பேரன், சிற்றாற்றங்கரையில் ஒரு சின்ன நாட்டை வைத்துக்கொண்டு 1446இல் இந்தக் கோயிலைத் தொடங்கினான். காசிக்குப் போய்ச் சேர முடியாதவர்களுக்காகக் காசியையே தெற்கே கொண்டுவருவது அவன் எண்ணம். செண்பக வனத்தில் எறும்பு ஊர்ந்த வழியே போய் லிங்கத்தைக் கண்டான் என்பது தலபுராணம்.

கோயிலில் அவன் பெயரால் செய்யுள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றின் கருத்தை உரைநடையில் சொல்கிறேன். இந்த ஆலயத்துக்கு வரக்கூடாத ஒரு குறை பின்னாளில் வந்துவிடுமானால், அப்போது அதை நீக்கிக் காப்பவர் எவராயிருந்தாலும் சரி, உலகம் அறிய அவரை நான் பணிகிறேன் என்கிறான். இன்னொன்றில், இது தெய்வச் செயலால் அமைந்தது, என் செயல் ஒன்றுமில்லை. இதை மேலும் விரிவாக்கிக் காப்பவர்களின் அடியில் விழுந்து அவர்களுக்கு ஏவல் செய்வேன் என்கிறான். இரண்டிலும் தன் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறான்.

கல்வெட்டுப் படித்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம். இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று எத்தனையோ மன்னர்கள் எழுதியிருக்கிறார்களே, இது ஒரு வாய்பாடுதானே என்று கேட்கலாம். நியாயமான தடை. அந்த வாய்பாடு உண்டு. அதோடு கூடவே, அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற சாபமும் வரும். பராக்கிரமன் அந்த வாய்பாட்டை எடுத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்தான். காப்பவரைப் பணிவதோடு நிற்காமல், என் வேலையில் குறை வரும், அதை எனக்குத் தெரியாத ஒருவர்தான் சரிசெய்யப் போகிறார் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டான். அடுத்து, வழக்கமாகக் கல்வெட்டின் வாலில் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டிருந்ததைத் தனிச் செய்யுளாக்கி, பெயரைப் போட்டு, எல்லாரும் பார்க்க வைத்தான். சாபம் பயத்தைத்தான் வளர்க்கும். வணக்கம் பொறுப்பை வளர்க்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மாணவர்களே, இதை உங்கள் காலத்து அலுவலகங்களில் வைத்துப் பாருங்கள். ஒரு திட்டத்தைத் தொடங்குகிற அதிகாரி, இதில் இன்னின்ன இடத்தில் பிழை வரலாம், வந்தால் அடுத்து வருகிறவர் தயங்காமல் மாற்றட்டும் என்று கோப்பில் எழுதி வைக்கிறாரா? எழுதி வைத்துவிட்டுப் போன ஓரிருவரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் விட்டுப்போன நிறுவனங்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன.

2. அண்ணனும் தம்பியும்

கோபுரத்தைத் தொடங்கியவன் பராக்கிரமன். முடித்தவன் தம்பி குலசேகர பாண்டியன். அண்ணன் இருக்கும்போதே தம்பியும் பட்டம் கட்டிக்கொண்டு உடன் ஆண்டிருக்கிறான். பாண்டிய நாட்டில் ஒரே சமயத்தில் பலர் ஆள்வது பழைய வழக்கம். அது நன்மையாகவும் முடியும், நாசமாகவும் முடியும்.

நாசமாக முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். முதலாம் மாறவர்மன் குலசேகரனின் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் 1310ஐ ஒட்டி அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள். 1311இல் மாலிக் காபூரின் படை வந்தது. உலகப் பயணிகள் வியந்து எழுதிய செல்வ நாடு அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அந்தக் குடும்ப நினைவு சுமார் நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் தென்காசியில் உயிரோடு இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்துக் கொடுத்தது ஊகமல்ல. அண்ணன் தம்பிச் சண்டையில் போன நாட்டின் மிச்சத்தில், அண்ணன் தம்பி ஒற்றுமையால் எழுந்த கோபுரம் அது.

தொடங்கியதை அடுத்தவர் முடிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தவர் நம் காலத்திலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா 1994இல் அதிபரானார். மக்கள் இன்னொரு முறையும் கொடுத்திருப்பார்கள். ஒரே பதவிக்காலத்தோடு 1999இல் விலகிக்கொண்டார். வேலை பாதியில் இருக்கும்போது அடுத்தவர் கையில் கொடுப்பதற்குத்தான் மனம் வேண்டும். முடிந்த வேலையைக் கொடுப்பது யாருக்கும் எளிது.

3. ராஜாஜியும் குற்றாலமும்

இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் குற்றாலம். சீசன் காலத்தில் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் துண்டோடு கடை வீதியில் நடக்கிற உங்களில் எத்தனை பேருக்கு, அந்த ஊரில் இலக்கியச் சுவைஞர் ரசிகமணி டி.கே.சி. வீட்டுக்கு ஒரு நாட்டுத் தலைவர் நண்பராக வந்து தங்கிப் பழகினார் என்பது தெரியும்? சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர், கடைசியானவரும் அவரே.

வைஸ்ராய்கள் வாழ்ந்த மாளிகையில் கதர் வேட்டியோடு இருந்தார். தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். அதைவிட என்னை அசைத்தது அதற்குப் பிறகு நடந்தது. நாட்டின் முதல் நாற்காலியிலிருந்து இறங்கியவர் நேருவின் அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சரானார். பட்டேல் மறைந்ததும் உள்துறையை ஏற்றார். 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக வந்து உட்கார்ந்தார். மேலே இருந்தவர் கீழே வந்து வேலை செய்வதா என்று ஒரு கணம் கூட அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் முன்னாள் தலைவர் ஒருவருக்கு முதல் வரிசை நாற்காலி கிடைக்காவிட்டால் எழுகிற மனத்தாங்கலை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே ராஜாஜியிடம்தான் மறுபக்கப் பாடமும் இருக்கிறது. பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அது அவர்களுக்கு மரியாதையாகாது. 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கட்சியையும் கலக்கவில்லை, மக்களையும் கேட்கவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று நாடே கொதித்தது. பள்ளி வாசலை முதல் தலைமுறையாக மிதிக்க வந்த பிள்ளைகளைப் பார்த்து, உன் அப்பன் தொழில் என்ன என்று கேட்கிற திட்டமாக அது பட்டது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. என் பெரியப்பா பிள்ளைகள் அந்த வயதுக்காரர்கள். வீட்டில் இதைப் பற்றி நடந்த பேச்சைப் பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன்.

பராக்கிரமனை இங்கே பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பின்னால் வருபவனைக் காணாமலே வணங்கினான் அவன். அந்தத் திட்டத்தில் பின்னால் வருபவன் என்றால் அந்தப் பிள்ளைதான். ஆறு வயதில் சிலேட்டோடு நிற்கிற பிள்ளை. அவன் என்னவாக வருவான் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் அவனைப் பணிய வேண்டும். அவ்வளவு கூர்மையான மனிதருக்கு அந்த ஒரு இடத்தில் அது தப்பிவிட்டது.  1954 ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கி, கல்வித்துறையையும் கொடுத்தார். வந்த குற்றத்தை நேராக ஒழித்தவர் என்று காமராஜரைச் சொல்லலாம். குற்றத்தை நீக்கினார், ஆட்களை நீக்கவில்லை.

4. கையெழுத்து

பாண்டியனுக்கு வாள் இருந்தது. குடியரசுத் தலைவருக்குப் பேனா. பெரும்பாலான நாள்களில் அமைச்சரவை சொல்கிற இடத்தில் கையெழுத்திடுகிற பேனா. அதற்குள் தலைமை எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1987 முதல் 1992 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஐந்தாண்டில் நான்கு பிரதமர்களைப் பார்த்தார். குடியரசுத் தலைவர் அவசர விளக்கைப் போன்றவர் என்பது அவர் கருத்து: மின்சாரம் போனால் தானாக எரிய வேண்டும், மின்சாரம் வந்ததும் தானாக அணைந்துவிட வேண்டும். எரிவதற்குப் பலர் ஆசைப்படுவார்கள். அணையத் தெரிவதைப் பதவியின் பாதி என்று வைத்தவர் அவர்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்புறம், கோட்டயம் பக்கத்து உழவூரில் பிறந்தவர் கே.ஆர். நாராயணன். மிக ஏழைத் தலித் குடும்பம். 1997இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும்படி மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தபோது, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை கைவிட்டது. 1998இல் பீகார் விஷயத்திலும் அதையே செய்தார். அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார். குடியரசுத் தலைவர் ஒருவர் பொதுத்தேர்தலில் வாக்களித்தது அதுவே முதல்முறை. அடுத்து வரும் அரசைத் தேர்ந்தெடுக்கத் தானும் ஒரு குடிமகனாக வரிசையில் நிற்கலாம் என்பது எவ்வளவு எளிய செயல்! அதுவரை யாரும் செய்யவில்லை.

இனி, இராமேசுவரத்துக்காரர். அப்துல் கலாமைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? 1979 ஆகஸ்ட் 10இல் எஸ்.எல்.வி. 3 ஏவுகலம் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநரான தன்னைப் பின்னால் நிறுத்திவிட்டு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகைக்காரர்கள் முன்னால் தானே பொறுப்பேற்றார் என்பதையும், 1980 ஜூலை 18இல் வென்றபோது நீயே போய்ப் பேசு என்று அனுப்பினார் என்பதையும் கலாம் போகிற இடமெல்லாம் சொன்னார். பலரும் இதை ஒரு நல்ல மேலதிகாரியின் கதையாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது ஒரு விதை. இருபத்தைந்து ஆண்டு கழித்து முளைத்தது.

2005 மே மாதம் கலாம் மாஸ்கோவில் இருந்தார். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை இரவில் அங்கே போயிற்று. கையெழுத்திட்டார். 2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஆளுநரின் அறிக்கையைத்தான் குறை சொன்னது. கலாமை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனாலும் அவர் பதவி விலகல் கடிதம் எழுதி வைத்தார். பிரதமர் மன்மோகன் சிங் கேட்டுக்கொண்டதால் அனுப்பவில்லை. இதை அவரே பின்னர் எழுதிய புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். கையெழுத்து என்னுடையது, ஆகவே குற்றமும் என்னுடையது என்று நினைத்த மனம் அது. தவான் அன்று நின்ற இடத்தில் இவர் நின்றார். அதே 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அப்படியே திரும்ப நிறைவேற்றியது. அரசியலமைப்பு சொன்னபடி ஒப்பமிட்டார். பிடிவாதமும் இல்லை, பணிந்து கிடந்ததும் இல்லை.

5. சுருங்கிய நாட்டின் அரசர்கள்

தென்காசிக்கே திரும்பி வருகிறேன். பராக்கிரமனுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து இங்கே ஆண்டவன் அதிவீரராம பாண்டியன். அவன் காலத்தில் நாடு இன்னும் சுருங்கிவிட்டது. மதுரை நாயக்கர்களை மீறி ஒன்றும் செய்ய முடியாது. சண்டைக்கு வழியில்லாத அந்த அரசன் எழுதினான். நைடதம், காசி காண்டம், கூர்ம புராணம், வெற்றிவேற்கை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முந்நூறு ஆண்டுக்கு மேலாக வெற்றிவேற்கையை ஓதித்தான் எழுத்தறிந்தார்கள். அவன் நாட்டின் எல்லை எது என்று கேட்டால் ஆராய்ச்சியாளர்களே தடுமாறுவோம். அவன் நூலைப் படித்த பிள்ளைகள் எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்று கேட்டால் தமிழ்நாடு முழுவதையும் காட்டலாம். அதிகாரம் குறைந்துபோயிற்று என்று வருந்துகிற எல்லாரிடமும் நான் இவனைப் பற்றித்தான் சொல்வேன்.

6. அந்த ஆள்

கடைசியாகத் தாத்தாவின் வாக்கியம்.

எண்பதுகளில் மொட்டைக் கோபுரத்தை எழுப்பும் வேலை தொடங்கியது. பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்தினார். ஊர்மக்களும் வெளியூர்க்காரர்களும் கொடுத்தார்கள். ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. 1990இல் குடமுழுக்கு நடந்தது. 2025 ஏப்ரலிலும் ஒரு குடமுழுக்கைப் பார்த்தோம். குறை வருவதும் அதை யாரோ வந்து நீக்குவதும் நின்றபாடில்லை. பராக்கிரமன் எதிர்பார்த்ததே இதைத்தான்.

வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நான் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தேன். அங்கே எப்போதும் அடிக்குமே, வாசலுக்குள் நுழைந்ததும் முகத்தில் மோதும் காற்று, அது அன்று சாரங்கட்டையெல்லாம் அசைத்துக்கொண்டிருந்தது. சாரத்திலிருந்து இறங்கி வந்த ஒரு தொழிலாளி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். உங்களைப் பற்றி ராஜா எழுதி வைத்திருக்கிறார் தெரியுமா என்று கேட்டேன். கேலி பண்ணுகிறேன் என்று முதலில் நினைத்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "எங்க சார் எழுதிருக்கு?"

கூட்டிப் போனேன். படித்துக் காட்டினேன். பணிந்தேன் என்ற சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அந்த எழுத்து எது என்று கேட்டார். காட்டினேன். தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார், விரலெல்லாம் சிமென்ட். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தக் கல்லைப் பார்த்தபடி நின்றார். "கடைசியா ஒருக்கா வாசிங்க சார்" என்றார். வாசித்தேன். கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாரத்தில் ஏறினார்.